மஞ்சள் மறைந்தால் நோய் மறைந்ததா?

(மத்திகிரியில் நடைபெற்ற சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து, கல்வி என்று சமுதாயப் பிரச்சனைகளைப் பேசும் மேடையில் இன்று கல்லீரலைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஹஜ்ரத், இது டாக்டர் பேச வேண்டிய விஷயம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் தன்னிடம் வருகிறவரிடம் பேசுவார். டாக்டரிடம் போகாதவரிடம் யார் பேசுவது? வெட்கத்தினால், பயத்தினால், பரிசோதனைக் காகிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் மறைத்து வைத்திருப்பவரிடம் யார் பேசுவது? அந்தப் பொறுப்பு ஜும்ஆ மேடைக்கும் ஜமாஅத்துக்கும் இயக்கத்துக்கும் இருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

மத்திகிரியில் 200 ஆண்டுப் பழமையான கால்நடைப் பண்ணை இருக்கிறது. மாட்டுக்குக் கோமாரி வரக்கூடாது என்று தடுப்பூசி போடுகிறோம். மாடு ஒருவேளை தீனி எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். அந்த அக்கறையில் பாதியாவது நம் உடம்பின் மீது நமக்கு இருக்கிறதா? சிந்தித்துப் பாருங்கள்.

காமாலை என்பது நோயா?

தமிழில் மஞ்சள் காமாலை என்கிறோம். நம் வீடுகளில் உர்தூவில் யர்கான் என்கிறார்கள். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடத்தில் காமாலெ. மூன்று மொழியிலும் ஒரே தவறான எண்ணம்தான் இருக்கிறது. கண் மஞ்சளானால் நோய் வந்துவிட்டது, மஞ்சள் போய்விட்டால் நோயும் போய்விட்டது என்கிற எண்ணம்.

சகோதரர்களே! காமாலை என்பது ஓர் அறிகுறி. வீட்டில் புகை வருவதைப் போல. புகை வந்தால் எங்கோ தீ இருக்கிறது என்று அர்த்தம். புகை அடங்கிவிட்டதால் தீ அணைந்துவிட்டது என்று யாராவது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்களா?

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகளில் முக்கியமானவை ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருபவை. இவை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கு மட்டும் இ வகை மிக ஆபத்தானது. பியும் சியும் ரத்தத்தின் வழியாக வருபவை. இவைதான் உடம்பில் தங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலை அரிப்பவை. டி என்பது, பி கிருமி உள்ளவரை மட்டுமே பிடிப்பது.

இப்போது ஒரு விஷயம் புரிகிறதா? கையில் சூடு வைப்பவர், கண்ணில் சொட்டு விடுபவர், மந்திரித்துத் தண்ணீர் தருபவர் ஆகியோரிடம் போனவர்களில் பலர் "எனக்குக் குணமானது" என்று சத்தியம் செய்கிறார்களே, அது எப்படி? அவர்களுக்கு வந்தது ஏ அல்லது இ. அது சூடு வைத்தாலும் போகும், வைக்காவிட்டாலும் போகும். ஆனால் அதே ஆளிடம் பி அல்லது சி உள்ளவர் போனால் என்ன ஆகும்? மஞ்சள் வடியும். "போய்விட்டது" என்று அனுப்பி விடுவார். கிருமியோ உள்ளே உட்கார்ந்திருக்கும். பத்து, இருபது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் தெரியும். அப்போது கல்லீரல் சுருங்கிப் போயிருக்கும்.

கீழாநெல்லியின் கதை

"கீழாநெல்லி இருக்கும்போது எதற்கு இங்கிலீஷ் மருந்து?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை யாரும் கேலி செய்ய வேண்டாம். பெரிய விஞ்ஞானிகளே இதைக் கேட்டார்கள்.

ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளத்தை 1960களில் கண்டறிந்தவர் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதற்காக 1976ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதியைத்தான் உலகக் கல்லீரல் அழற்சி தினமாக இன்று அனுசரிக்கிறார்கள். அந்த பிளம்பர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி.தியாகராஜனும், மற்றவர்களும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். 1988ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பி கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. நம் ஊர்ச் செடி உலகப் புகழ் பெற்றது.

அதன் பிறகு என்ன நடந்தது? மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எனவே இன்றுவரை எந்த நாட்டு அரசும் பி கிருமிக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் சொல்ல முடியும். நம்பிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. கீழாநெல்லி சாப்பிடுகிறவர் சாப்பிட்டதாக டாக்டரிடம் சொல்லட்டும். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்கே போகாமல் இருப்பது தற்கொலைக்குச் சமம்.

ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பி ஒரு திருடன். சி இன்னொரு திருடன். இரண்டு பேரும் வருவது ஒரே வழியில். ஒரே ஊசி, ஒரே பிளேடு, ஒரே ரத்தம். அதனால் ஒருவரிடமே இரண்டும் சேர்ந்து குடியேறிவிடுவது உண்டு. பலமுறை ரத்தம் ஏற்றிக் கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்து கொள்பவர்கள், போதை ஊசி போடுபவர்கள் ஆகியோரிடம் இதை அதிகம் பார்க்கிறார்கள்.

ஒன்று இருப்பதைவிட இரண்டும் சேர்ந்து இருந்தால் கல்லீரல் வேகமாகச் சுருங்குகிறது. புற்றுநோய் வரும் அபாயமும் கூடுகிறது. இது மட்டுமா? இரண்டும் சேர்ந்திருக்கும்போது ஒரு தந்திரமும் நடக்கிறது. பெரும்பாலும் சி கிருமி ஆதிக்கம் செலுத்தி, பி கிருமியை அடக்கி வைத்திருக்கும். பரிசோதனை செய்தால் பியின் அளவு குறைவாகத் தெரியும். "பி பெரிதாக இல்லை" என்று நினைத்து விடுவோம்.

இந்த நிலையில் சிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? பெரிய திருடன் பிடிபட்டுப் போய்விடுவான். அவனுக்குப் பயந்து மூலையில் பதுங்கியிருந்தவன் வெளியே வந்து விடுவான். அடங்கிக் கிடந்த பி கிருமி திடீரென்று வீறு கொண்டு எழும். 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. சிக்குப் புதிய மருந்து சாப்பிட்டவர்களில் 24 பேருக்கு பி இப்படித் திரும்பி வந்ததாகவும், அவர்களில் 2 பேர் இறந்து போனதாகவும், ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று என்றும் அதில் சொல்லப்பட்டது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் சிக்கு உள்ள மருந்தைக் கண்டு பயந்துவிடக் கூடாது. லட்சக்கணக்கானவர்களை அந்த மருந்து காப்பாற்றியிருக்கிறது. பயப்பட வேண்டியது பரிசோதிக்காமல் மருந்து தொடங்குவதற்குத்தான். எனவே இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

பி இருப்பதாகத் தெரிந்தால் சி இருக்கிறதா என்று பாருங்கள். சி இருப்பதாகத் தெரிந்தால், மருந்து தொடங்குவதற்கு முன்பே பி இருக்கிறதா, முன்பு எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பி இருந்தால், சி மருந்துடன் சேர்த்து பியை அடக்கும் மாத்திரையையும் டாக்டர் கொடுப்பார். பி இல்லை என்றால் பிக்கான தடுப்பூசியைப் போட்டுக் கொண்டு இரண்டாவது திருடன் வராமல் கதவை அடைத்துவிடலாம்.

என்ன மருந்து இருக்கிறது?

சி கிருமியை 1989ல்தான் அடையாளம் கண்டார்கள். அதற்கு உழைத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020ல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து இருக்கிறது. சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் என்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் சாப்பிட்டால் போதும். 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுக் குணம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் கூடுதல் மருந்தோ கூடுதல் காலமோ தேவைப்படலாம்.

சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! ஏழை சாக வேண்டியதுதான் என்ற நிலை. 2014ல் இந்தியக் கம்பெனிகளுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்த பிறகு, இங்கே விலை தரைமட்டத்துக்கு வந்தது. இன்று அரசுத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

பிக்கு நிலைமை நேர்மாறு. தடுப்பூசி இருக்கிறது. முழுவதும் துடைத்தெறியும் மருந்து இல்லை. அந்தக் கிருமி கல்லீரல் செல்லின் கருவுக்குள்ளேயே பதுங்கிக் கொள்கிறது. ஆனால் டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுவது போலத்தான். அடங்கியிருந்தால் கல்லீரலும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். ஆனால் "உடம்பு நன்றாக இருக்கிறது" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் கிருமி ஆவேசத்துடன் திரும்பும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. பி உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை ரத்தத்தில் கிருமியின் அளவு, கல்லீரலின் நிலை இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாத்திரை வேண்டாம் என்று சொல்லப்பட்டவரும் வருடா வருடம் பரிசோதனைக்குப் போயாக வேண்டும்.

எப்படி நுழைகிறது?

2009 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் மோடாசா வட்டாரத்தில் ஹெபடைடிஸ் பி தீயாகப் பரவியது. பலர் இறந்தார்கள். காரணம் என்ன? ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டிய சிரிஞ்சுகளை டாக்டர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. பழைய சிரிஞ்சுகளைச் சேகரித்து மறுபடியும் விற்கும் வியாபாரமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் கபனுடன் திரும்பினார்கள்.

எகிப்தில் இதைவிடப் பெரிய கொடுமை. நைல் நதிக் கரையில் பில்ஹார்சியா என்ற புழு நோய் இருந்தது. அதை ஒழிக்க 1980களின் தொடக்கம் வரை அரசாங்கமே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளை ஒருவருக்குப் பின் ஒருவராகப் போட்டார்கள். ஒரு நோயை ஒழிக்கப் போய், ஒரு தலைமுறைக்கே சி கிருமியை ஏற்றிவிட்டார்கள். உலகிலேயே சி கிருமி மிக அதிகமான நாடாக எகிப்து ஆனது.

ஆனால் அந்த முஸ்லிம் நாடு உட்கார்ந்து அழுது கொண்டிருக்கவில்லை. 2018 அக்டோபரில் தொடங்கி ஏழே மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். கிருமி இருந்தவர்களுக்கு உள்நாட்டிலேயே தயாரித்த மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்துக்குத் தங்கத் தரச் சான்று வழங்கிப் பாராட்டியது. ஓர் அரசாங்கம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

நம் நிலைமை என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022ல் இந்தியாவில் பி உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். சி உள்ளவர்கள் 55 லட்சம் பேர். இதில் வேதனைக்குரிய விஷயம் எது தெரியுமா? உலகம் முழுவதிலும் பி உள்ளவர்களில் 100க்கு 13 பேருக்குத்தான் தனக்கு அது இருப்பதே தெரியும். மீதி 87 பேர் தெரியாமலேயே நடமாடிக் கொண்டிருக்கிறார்கள்.

நாமே கவனிக்க வேண்டிய இடங்கள்

ஊசியும் ரத்தமும் மட்டும்தானா வழி? நம் சமுதாயத்தில் நாம் கவனிக்க வேண்டிய நான்கு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, கத்னா. இலவச கத்னா முகாம் நடத்துகிறோம். நல்ல காரியம். 50 பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, கருவிகள் எத்தனை செட் இருந்தன? ஒரு பிள்ளைக்குப் பயன்படுத்தியதை டெட்டாலில் முக்கி அடுத்த பிள்ளைக்கு வைத்தார்களா? பி கிருமி உலர்ந்த ரத்தத்திலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். டெட்டால் நனைத்த பஞ்சால் அது போகாது. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கொதிகலனில் சுத்தம் செய்த தனிச் செட் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அதற்கு வசதி இல்லை என்றால் முகாமை ஒத்தி வையுங்கள்.

இரண்டாவது, ஹிஜாமா. இது சுன்னத்தான சிகிச்சை என்பதால் மண்டபங்களில், வீடுகளில் நடத்துகிறார்கள். ரத்தத்தைக் கீறி எடுக்கும் சிகிச்சை இது. பிளேடும் கப்பும் ஆளுக்குப் புதிதாக இருக்க வேண்டும். கப்பைக் கழுவி மறுபடி வைப்பவரிடம் முதுகைக் காட்டாதீர்கள். சுன்னத்தைச் செய்கிறோம் என்ற பெயரில் இன்னொருவருடைய நோயை வாங்கி வருவது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?

மூன்றாவது, தலைமுடி களைதல். ஹஜ்ஜில் மினாவில் பல லட்சம் பேர் தலை மழிக்கிறார்கள். அங்கே உரிமம் பெற்ற நாவிதர்தான் மழிக்க வேண்டும், பிளேடு ஆளுக்கு ஒன்று என்று சவூதி அரசு சட்டமே வைத்திருக்கிறது. பணம் மிச்சம் என்று பாதையோரத்தில் பழைய பிளேடுக்குத் தலையைக் கொடுக்காதீர்கள். ஓசூர் சலூனிலும் அதே விதிதான். புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

நான்காவது, ரத்தம். நம் இளைஞர்கள் ரத்த தானத்தில் முன்னணியில் நிற்கிறார்கள். அல்லாஹ் அதற்குக் கூலி கொடுப்பான். தானமாகக் கொடுத்த ரத்தத்தை வங்கியில் பரிசோதிக்கிறார்கள். அங்கிருந்து போன் வந்து "ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றால், தவறாமல் போங்கள். பலர் பயந்து எண்ணையே மாற்றி விடுகிறார்கள். அந்த போன் உங்கள் உயிரைக் காக்க வந்த போன். இன்னொன்று. தானம் பெறும் ரத்தத்தில் சி கிருமியைப் பரிசோதிப்பது நம் நாட்டில் கட்டாயமானது 2001ல்தான். அதற்கு முன் பிரசவத்திலோ, விபத்திலோ, ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக் கொண்டவர்கள் அனைவரும் ஒருமுறை பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

எதனால் பரவாது?

ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. முஸாஃபஹா செய்தால், கட்டித் தழுவினால் பரவாது. ஒரே ஹவ்ளில் ஒளூ செய்தால், ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றால் பரவாது. ஒரே மிஷினில் வேலை செய்தால், ஒரே கேன்டீனில் டீ குடித்தால் பரவாது. கணவன் மனைவி உறவில் பி பரவும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று ஊசி. மனைவிக்கு ஊசி போட்டாகிவிட்டது, பாதுகாப்பு வந்துவிட்டது என்று ரத்தத்தில் உறுதியாகிவிட்டால், பயந்து ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. நிகாஹுக்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். மறைத்து நிகாஹ் செய்வது மோசடி. சொன்னவனை ஊர் முழுக்கத் தூற்றுவது அதைவிடப் பெரிய பாவம்.

இந்த இடத்தில் ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கல்லீரல் நோயில் இறந்தால், "பாய் ரகசியமாகக் குடித்திருப்பார் போலிருக்கிறது" என்று மய்யித் வீட்டு வாசலிலேயே பேசுகிறார்கள். மது கல்லீரலைக் கெடுக்கும். அது ஹராம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவருக்கும் பி, சி கிருமிகளால் கல்லீரல் சுருங்கும். பிறந்தபோது தாயிடமிருந்து வந்திருக்கலாம். மருத்துவமனை ஊசியில் வந்திருக்கலாம். விசாரிக்காமல் அவதூறு சொல்லி, அந்த விதவையையும் பிள்ளைகளையும் தலைகுனிய வைத்தவர்கள் நாளை மஹ்ஷரில் பதில் சொல்ல வேண்டும்.

தாய்மார்களுக்கு

கர்ப்பிணிகள் அனைவரும் பி பரிசோதனை செய்து கொள்ளுங்கள். தாய்க்கு பி இருந்து, பிறக்கும்போதே குழந்தைக்குத் தொற்றினால், 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். ஆகவே பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசிதான் மிக முக்கியம். தாய்க்கு பி இருந்தால் அதனுடன் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் பிக்கான மருந்தும் இருக்கிறது. தமிழகத்திலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் அந்த ஐந்து நோய் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கினார்கள். இந்த ஊசிகளைப் போட்ட பிறகு தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். "நல்ல நாள் பார்த்துப் போடலாம்", "நாற்பது கழியட்டும்" என்று முதல் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். தைவான் நாடு 1984லேயே குழந்தைகளுக்கு பி ஊசி போடும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு அங்கே பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது!

தவக்குல் என்றால் என்ன?

"எல்லாம் கத்ர்படி நடக்கும், பரிசோதனை எதற்கு?" என்று கேட்கும் சகோதரருக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்கிறேன். ஹிஜ்ரி 18ஐ ஒட்டிய காலத்தில் சிரியாவில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியது. சிரியாவை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் இந்தச் செய்தியைக் கேட்டார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் ஆலோசனை கலந்தார்கள். திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்ற பொருளில் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கம்தான் போகிறோம் என்று விளக்கம் தந்தார்கள். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் பிறகு எடுத்துச் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

நோயும் விதி. மருந்தும் விதி. பரிசோதனைக் கூடத்துக்கு நடந்து போகும் காலும் அல்லாஹ் தந்ததுதான். முயற்சியை விட்டுவிட்டு தவக்குல் என்று சொல்வது சோம்பலுக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிடுவதாகும்.

பிழைப்பைப் பறிக்கும் காகிதம்

இனி, நம் இளைஞர்களின் வயிற்றில் அடிக்கும் பிரச்சனை. வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் கம்கா மெடிக்கல் என்று நாம் பழகிய பெயரில் சொல்லும் பரிசோதனைக்குப் போகிறார்கள். அங்கே பி அல்லது சி இருப்பதாகத் தெரிந்தால் தகுதியில்லை என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் போய்விடுகிறது. அந்தப் பையன் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறான்? காகிதத்தைக் கிழித்துப் போடுகிறான். வேறு ஏஜென்டைத் தேடுகிறான். அல்லது சிப்காட்டிலோ பொம்மசந்திராவிலோ கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து, யாரிடமும் சொல்லாமல் பத்து வருடத்தை ஓட்டிவிடுகிறான். விசா போனது அவனுக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. அந்தக் காகிதம் கொடுத்த எச்சரிக்கையைக் கிழித்துப் போட்டதுதான் உண்மையான நஷ்டம் என்பது தெரியவில்லை.

அருமைத் தம்பிகளே! அந்தக் காகிதத்தைக் கிழிக்காதீர்கள். அதை எடுத்துக் கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சியின் முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலும், கிருமி இப்போது உடம்பில் இருக்கிறது என்று அதுவே முடிவாகச் சொல்லிவிடாது. அந்தப் பரிசோதனை எதிர்ப்புச் சக்தியைத்தான் காட்டும். 100ல் 30 பேருக்கு சி தானாகவே போய்விடுவது உண்டு. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை தனி. அதைச் செய்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும்.

2018 ஜூலை 28ல் மத்திய அரசு தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பிக்கும் சிக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பது அந்தத் திட்டம். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. இவ்வளவும் இருக்க, நம் மக்கள் நகையை அடகு வைத்து பெங்களூர் தனியார் மருத்துவமனைகளின் வாசலில் நிற்கிறார்களே, ஏன்? திட்டம் இருப்பதே தெரியாது. சொல்ல ஆளில்லை.

நம் கோரிக்கைகள்

அரசிடம் கேட்கிறோம்.

ஓசூர் மாநகராட்சியின் எல்லா வார்டுகளிலும், சிப்காட் தொழிற்சாலை வாசல்களிலும் பி, சி இரண்டுக்கும் சேர்த்துப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். ஒன்றை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். வடமாநிலத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் மனிதர்கள்தான்.

தடுப்பூசி இன்று குழந்தைகளுக்கு இலவசம். பி உள்ளவரின் மனைவி மக்களுக்கும், துப்புரவுத் தொழிலாளர்களுக்கும், சலூன் தொழிலாளர்களுக்கும் அதை இலவசமாகப் போடுங்கள். 1997ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே பி தடுப்பூசி தயாரித்து விலையை இறக்கிக் காட்டியது. பணம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017ல் சட்டம் போட்டீர்கள். வரவேற்கிறோம். அதே பாதுகாப்பை பி, சி உள்ளவர்களுக்கும் கொடுங்கள். கையில் வேலை செய்யத் தெம்பு இருக்கும்போதே ரத்தக் காகிதத்தைக் காட்டி ஒருவனை வெளியே தள்ளினால், அடுத்தவன் பரிசோதனைக்கே வரமாட்டான். நோயை வளர்ப்பது கிருமி மட்டுமல்ல, இந்த அநீதியும்தான்.

ஜமாஅத்துகளிடமும் கேட்கிறோம். கத்னா முகாமுக்கும் ஹிஜாமாவுக்கும் விதிமுறை எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். நிகாஹ் பதிவுக்கு வரும் மாப்பிள்ளை பெண் இருவரிடமும் பரிசோதனை பற்றி எடுத்துச் சொல்லுங்கள். யாருடைய பெயரையும் வெளியிடாதீர்கள். பைத்துல்மாலிலிருந்து பஸ் செலவுக்கும், கூட ஒருவர் துணைக்குப் போவதற்கும் உதவி செய்யுங்கள். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கிருஷ்ணகிரி போய் வர முடியாமல் நிற்கும் ஏழைகள் நம் முஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த மாதத்துக்குள் குடும்பத்தோடு போய் இரண்டு பரிசோதனைகளையும் செய்து கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால் ஷுக்ர் செய்து, பிக்குத் தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் ஸப்ரோடு மருந்தைத் தொடங்குங்கள், தொடருங்கள். கல்லீரல் சுருங்கத் தொடங்கியவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கொள்ளுங்கள். புற்றுநோய் வந்தாலும் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை எப்படிப் பேணினாய் என்று நாளை கேள்வி உண்டு. நோயுற்ற நம் சகோதரர்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! அவர்களை ஒதுக்காமல் அரவணைக்கும் மனதை நமக்குத் தருவானாக! ஆமீன்.